காய்ந்த நிலத்தில் ஒரு சேற்றுச் செருப்பு

இனி யாரும் வரமாட்டார்கள், காலை நீட்டலாம் என்று கால்நடை டாக்டர் நினைத்த நேரத்தில், ஒருத்தி பெட்டை ஆடு ஒன்றை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பக்கத்துப் பண்ணையில் செம்மறி மேய்ப்பவள்.

"இது வயித்துல புழு இருக்கான்னு பாருங்கம்மா. நான் வாங்கி மூணு வாரம்தான் ஆச்சு. பண்ணையில ஒம்பது ஆடு செத்துப்போச்சு. என் ஆடுதான் நோயை ஒட்ட வச்சுதாம். பண்ணையில குடுத்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

ஊரே 'பூதக்கண்ணாடி' என்று கூப்பிடும் உதவியாளர், ஓய்வுபெற ஒரு வருஷமே இருந்தும், புழுக்கையை வாங்கிக்கொண்டு ஓடினார்.

"ஈரல்புழு முட்டை இருக்கு மேடம்! கேஸ் முடிஞ்சுது!"

"உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு எங்க முடியுது?" என்று டாக்டர் செருப்பைக் காலால் துழாவினாள்.

ஆறு மாதமாக மழை இல்லை. டாக்டர் போன பண்ணை வழியெல்லாம் புழுதி. மேய்ப்பவளின் சட்டிபானை அந்தப் புழுதியில் கிடந்தது. பண்ணைக்காரர் வீட்டுப் படியில் ஒரு ஜோடி செருப்பு, வார் வரைக்கும் சேறு. சேற்றில் நகத்தளவு நத்தை ஒன்று. டாக்டர் குனிந்து பார்த்தாள். பிறகு, அன்று காலையில் செத்திருந்த பண்ணை ஆட்டை அறுத்தாள். ஈரல் முழுக்க முற்றிய புழு.

"சொன்னேன்ல மாமா? இவ ஆடு வந்துச்சு, எல்லாம் போச்சு," என்றான் பண்ணைக்காரரின் மச்சினன்.

டாக்டர் அங்கிருந்த தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "இது ஆட்டுலேருந்து ஆட்டுக்கு நேரா ஒட்டாது. முட்டை ஈரத்துல விழணும், குஞ்சு நத்தைக்குள்ள போய் வளரணும், வெளிய வந்து புல்லுல ஒட்டணும். அந்தப் புல்லை ஆடு தின்னணும். உங்க ஆடுங்க ஈரல்லயும் வருஷக்கணக்கா ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். காஞ்ச நிலத்துல அது சும்மா கிடக்கும். அப்புறம், ஆட்டுக்குள்ள புழு இப்படி முத்த மூணு மாசம் ஆகும். அவ ஆடு வந்து மூணு வாரம்."

"மழையே இல்லையே, ஈரம் எங்கேருந்து வரும்?" என்றார் பண்ணைக்காரர்.

"அதைத்தான் கேக்கறேன். படியில கிடக்கறது யார் செருப்பு?"

மச்சினன் வெறுங்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தது. மேலே ஒரு சாக்குச் சுற்று. அதைச் சுற்றி மட்டும் சேறும், ஆடு மேய்ந்த பச்சைப் புல்லும்.

"வண்டிச் சக்கரம் ஏறிடுச்சு மாமா... திட்டுவீங்கன்னு..."

"எப்ப?" என்றாள் டாக்டர்.

"ஆறு மாசம் இருக்கும். தினமும் வந்து சாக்கை இறுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான்," என்றார் பண்ணைக்காரர். சின்னப் பையனுக்கு வயது முப்பத்தைந்து. பிறகு மேய்ப்பவளிடம், "சரி, நீ போய் வேலையைப் பாரு."

டாக்டருக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. மருந்துச் சீட்டை எழுதினாள்.

மேய்ப்பவள் நகரவில்லை. "முதல்ல குழாயை அடைங்க. வெளிய எறிஞ்ச என் சாமானை இந்தத் தம்பி கையாலயே உள்ள வைக்கட்டும். அப்புறம் மேய்க்கிறேன்."

மச்சினன் மாமாவைப் பார்த்தான். மாமா செத்த ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மெதுவாகப் போய்ச் செருப்பை மாட்டினான்.

"அதைக் கழட்டிட்டுப் போங்க தம்பி," என்றாள் அவள். "என் வீட்டுக்குள்ள நத்தை வேண்டாம்."