டீலியாவுக்கு முப்பத்து நான்கு வயது

1901, 1911, 1926. மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களிலும் டீலியா மெக்கோல்ட்ரிக்குக்கு முப்பத்து நான்கு வயதுதான்.

அட்ராக்டா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கணினித் திரையை மறுபடி பார்த்தாள். கொள்ளுத்தாத்தா கையெழுத்திட்ட முதல் தாளில் பதினோரு பேர், அடுத்ததில் ஏழு பேர். நூறு வருடம் பூட்டிவைத்து, போன வசந்தத்தில்தான் திறந்துவிட்ட மூன்றாவது தாளில் தாத்தாவின் கையெழுத்து இருந்தது. இதே வீட்டில் மூன்றே பேர். மற்றவர்கள் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்கள், அல்லது காசநோயில் போய்ச் சேர்ந்தார்கள். டீலியா மட்டும் எங்கும் போகவில்லை. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் அவளை முதலில் ‘விருந்தாளி’ என்று எழுதியிருந்தார்கள். பத்து வருடம் கழித்து ‘உறவுக்காரி’. அதற்கும் பிறகு ‘சகோதரி’. தேவாலயப் பதிவேட்டில் அப்படி ஒருத்தி ஞானஸ்நானம் பெறவும் இல்லை, அடக்கம் செய்யப்படவும் இல்லை.

பெர்னிக்குப் போன் போட்டாள். மலையின் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, வாய் ஓயாதவள்.

“எந்தப் பொம்பளைடி வயச உண்மையா சொன்னா?” என்று சிரித்தாள் பெர்னி. “எங்க கொள்ளுப்பாட்டிக்குப் பத்து வருஷத்துல பதினெட்டு வயசு ஏறிடுச்சு. நடுவுல முதியோர் பென்ஷன் வந்துச்சுல்ல!”

“அது ஏத்திக்கிட்டது. இவளுக்கு ஏறவே இல்லையே.”

“கல்யாணம் ஆகாதவளா?”

“ஆமா.”

“அப்ப மாப்பிள்ளைக்காகக் குறைச்சிருப்பா. மூடி வச்சுட்டுப் போய் டீ போட்டுக் குடிடி, பைத்தியமே.”

சிரித்துக்கொண்டுதான் போனை வைத்தாள். ஆனால் மூடிவைக்க முடியவில்லை. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனை கொடுத்த படிவத்தில் ‘நெருங்கிய உறவினர்’ என்ற கட்டம் இன்னும் காலியாகக் கிடந்தது. பெர்னியின் பெயரை எழுதியிருக்கலாம், வெட்கமாக இருந்தது. தம்பி மலாக்கி இறந்து பதினோரு வருடம். இந்தப் பதினோரு வருடத்தில் சந்தையில் மீதிச் சில்லறை தருகிறவர்களைத் தவிர அவள் கையை யாரும் தொட்டதில்லை. தன் ரத்தத்தில் உயிரோடு ஒரே ஒரு ஆள் எங்காவது இருந்தால் போதும் என்றுதான் இந்தத் தாள்களைத் தேட ஆரம்பித்தாள். எல்லாக் கிளையும் கல்லறையில்தான் போய் முடிந்தது.

ஐந்தரை மணிக்கே ஏரியிலிருந்து மழை ஏறி வந்து வீட்டை இருட்டாக்கிவிட்டது. கதவு தட்டப்பட்டது. கழுத்தில் அடையாள அட்டையோடு, நனைந்த வழுக்கைத் தலையோடு ஒருவர் நின்றார். இந்த வருடக் கணக்கெடுப்புக்கு வந்தவர்.

“ஞாயித்துக்கிழமை ராத்திரி இந்தக் கூரைக்குக் கீழ யார் தூங்கறாங்களோ, அவங்க மட்டும்தான் கணக்கு. எத்தனை பேர்ம்மா?”

தனியாக இருப்பதை முன்பின் தெரியாதவரிடம் சொல்லாதீர்கள் என்று காவலர்கள் தேவாலயத்துப் பூசைக்குப் பூசை வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த மலையில் தனியாக இருக்கும் பெண்கள் எல்லோரும், உள்ளே ஆள் இருப்பதுபோல வாசலில் ஆண்பிள்ளையின் பூட்ஸை வைத்திருப்பார்கள். அட்ராக்டாவுக்கும் துணை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் வாயில் ஊறியிருந்தது.

“ரெண்டு பேர்,” என்றாள். “டீலியா உள்ள படுத்திருக்கா.”

“நல்லதும்மா. இந்தப் பக்கம் பூரா ஒத்தை ஆளாத்தான் இருக்காங்க. துணை இருந்தா எவ்வளவோ மேல்,” என்று குறித்துக்கொண்டு படிவத்தை நீட்டினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். பொய் சொன்ன கூச்சத்தைவிட அந்தப் பெயரைச் சொன்ன சுகம் பெரிதாக இருந்தது. வாய்க்குள்ளேயே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். டீலியா.

உள்ளறையில் கட்டில் முனகியது.

மலாக்கி போன பிறகு யாரும் படுக்காத கட்டில். ஈரம் ஏறிய பழைய மரம், காற்றடித்தால் முனகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் காற்று நின்றிருந்தது. மழை நேராகப் பெய்துகொண்டிருந்தது. அறைக்கதவின் அடியிலிருந்து நனைந்த கம்பளியின் வாடையும், இந்த வீட்டில் விறகுபோல் எரித்தே இருபது வருடமான சதுப்புநிலக் கரிமண் கட்டிகளின் புகை வாடையும் மெல்ல மெல்லக் கசிந்து அவள் நாற்காலிவரை வந்தன. பிறகு வெறுங்கால்கள். கல்தரையில். அவசரமில்லாத நடை.

சன்னல் வழியே பார்த்தாள். கணக்கெடுப்புக்காரர் இன்னும் போகவில்லை. காருக்குள் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். முப்பதடி தூரம். சன்னலைத் தட்டினால் போதும்.

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

அவள் திரும்பவில்லை.

ஒரு கை வந்து அவள் கைமேல் படிந்தது. குளிர்ந்த கை. சொரசொரப்பான உள்ளங்கை. விரல்கள் அவள் விரல்களுக்குள் நுழைந்தன.

கத்தியிருக்கலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கையை உதற அவளுக்கு மனம் வரவில்லை. கடவுளே, எவ்வளவு காலம் ஆயிற்று! ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம் இருக்கட்டும், பிறகு கூப்பிடலாம்.

கார் உறுமியது.

இப்போது கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள். குரல் இல்லை. கையை இழுத்தாள். வரவில்லை. கார் சந்தில் திரும்பியது, சிவப்பு விளக்கு வேலிக்குப் பின்னால் மறைந்தது.

வெளியே இருட்டு. சன்னல் கண்ணாடியில் அறை தெரிந்தது. விளக்கு. மேசை. இரண்டு நாற்காலிகள்.

ஒன்றில் வெறுங்காலோடு முப்பத்து நான்கு வயது மதிக்கத்தக்க ஒருத்தி நிம்மதியாகச் சாய்ந்திருந்தாள். இன்னொன்று, அட்ராக்டா உட்கார்ந்திருந்தது, காலி. அந்தக் காலி நாற்காலியின் மேல் அந்தப் பெண்ணின் கை எதையோ இறுகப் பற்றியிருந்தது. பிடிக்குள் ஒன்றுமே இல்லை.