சின்னவளும் இரும்பு வளைக்கும் எந்திரமும்

சின்னவளுக்கு வயிறு எரிந்தது. காலையில் சாப்பிட்டது எதுவும் காரணமில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அக்காவும் அவளுடைய புதுத் தோழியும் இரும்பு வளைக்கும் எந்திரம் செய்துகொண்டிருந்தார்கள். அதுதான் காரணம்.

தோழி மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள். அதனால் சின்னவள் அவளுக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர் வைத்திருந்தாள், மனசுக்குள் மட்டும்.

போன மாதம் வரை அக்காவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது சின்னவள்தான். எந்த நட்டுக்கு எந்த நம்பர் என்பது அவளுக்கு அத்துப்படி. இப்போது கண்ணாடி எடுத்துக் கொடுக்கிறாள், அதுவும் தப்பான நம்பரை. அக்கா திட்டுவதே இல்லை, சிரிக்கிறாள்!

பட்டறையில் வெல்டிங் வேலை செய்யும் அம்மா, கதவு நிலை மாதிரி ஒரு இரும்புச் சட்டம் பற்றவைத்துக் கொடுத்திருந்தாள். அதன் மேல் பக்கத்தில் மாமாவின் பழைய லாரி ஜாக்கியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, போல்ட் போட்டிருந்தார்கள். ஜாக்கி இறங்கி அழுத்தினால் சட்டத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் பள்ளத்துக்குள் இரும்புப் பட்டை வளைய வேண்டும். நாளைக்குப் பள்ளியில் கண்காட்சி.

“நானும் வரட்டா?” என்றாள் சின்னவள்.

“இங்க இடமில்லடி. அப்புறம் வா,” என்றாள் அக்கா.

சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

கண்ணாடி ஜாக்கியின் கைப்பிடியைப் பம்பு அடிப்பதுபோல மேலும் கீழும் அடித்தாள். லொடலொடவென்று ஆடியது. பட்டை அசையவே இல்லை. அக்கா அடித்தாள். அப்போதும் அப்படித்தான்.

ஏன் என்று சின்னவளுக்குத் தெரியும். மாமா லாரி டயர் மாற்றும்போது பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்டுக் குடைந்தவள் அவள். ஜாக்கிக்குள் எண்ணெய் இருக்கிறது. அதுதான் தள்ளுகிறது. தலைகீழாக்கினால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், ஜாக்கி வெறும் காற்றைத்தான் இழுக்கும்.

அவள் சொல்லவில்லை. ‘நல்லா வேணும்’ என்று நினைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“நான்தான் வேகமா அடிச்சு உடைச்சிட்டேன்,” என்றாள் கண்ணாடி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாள். பிறகு கண்ணையும் துடைத்தாள். “உங்க மாமாகிட்ட நானே சொல்லிடறேன். கண்காட்சிக்கு நீ வேற யாரையாவது சேர்த்துக்கோ.”

குளுகுளு எங்கோ போய்விட்டது. செய்யாத தப்புக்கு ஒருத்தி அழுகிறாள். சின்னவளால் உட்கார முடியவில்லை.

“நீ ஒண்ணும் உடைக்கல,” என்றாள். “ஜாக்கி தலைகீழா இருந்தா எண்ணெய் வராது. அவ்வளவுதான்.”

அக்கா தலையில் கை வைத்தாள். “ஐயோ, எல்லாத்தையும் கழட்டணுமே. பொழுது போயிடுமே.”

சின்னவள் சட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “எதுக்குக் கழட்டணும்? சட்டத்தையே கவுத்துடலாம். ஜாக்கி கீழே வந்துடும், பள்ளம் மேலே போயிடும். பட்டையை மேல தூக்கி அழுத்தட்டும்.”

அக்காவும் கண்ணாடியும் தூக்கிப் பார்த்தார்கள். இருவரால் முடியவில்லை. மூன்று பேரும் தம் பிடித்துப் புரட்டியதும் சட்டம் தலைகீழாக நின்றது.

“கண்டுபிடிச்சவளே அடிக்கட்டும்,” என்றாள் அக்கா.

சின்னவள் கைப்பிடியை அடித்தாள். இப்போது கைப்பிடி கனத்தது. பட்டை மெல்ல மேலே ஏறி, முனகிக்கொண்டே வளைந்தது.

இரண்டாவது பட்டை, மூன்றாவது பட்டை. சின்னவள் கைப்பிடியை விடவே இல்லை. கண்ணாடி கொஞ்சம் தள்ளி நின்று, ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை சின்னவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாக அவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீளமான கைப்பிடிதான். நீயும் வந்து பிடிச்சுக்கோ,” என்று நகர்ந்து இடம் விட்டாள். “ஆனா முன்னாடி நான்தான்.”