நாலு பத்துக்கு வரும் அழைப்பு

அறுபத்திரண்டு வீடுகள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். திரையில் அறுபத்து மூன்று இருந்தன.

கம்ப்யூட்டர்காரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினாள். தனியாக வாழும் முதியவர்களின் கழுத்தில் ஒரு பட்டன், அதை அழுத்தினால் இந்த மாடியறையில் மணி அடிக்கும், இங்கிருந்து ஒரு குரல் அவர்கள் வீட்டு மேஜைமேல் இருக்கும் பேச்சுப் பெட்டி வழியாக "என்ன ஆச்சு?" என்று கேட்கும். அலுவலகத்தின் தொழிலே அதுதான். அத்தனை அழைப்புகளையும் பன்னிரண்டு வருடமாகச் சுமந்த பழைய சர்வர் மூலையில் இளைப்பு நோயாளி மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதிலிருப்பதை எல்லாம் புதியதற்கு மாற்றத்தான் அவளை அழைத்திருந்தார்கள். பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் ஞாயிறு மதியமாகப் பார்த்து நேரம் குறித்ததும் அவள்தான். அரை மணி நேரம் மணி அடிக்காமல் கிடந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அறுபத்து மூன்றாவது வரியில் பெயர் இல்லை, முகவரி இல்லை. தினமும் நாலு பத்துக்கு ஓர் அழைப்பு. பன்னிரண்டு வருடமும்.

"அதையும் மறக்காம கொண்டு போயிடும்மா," என்றார் சிஸ்டர். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர். "நாலு பத்துக்கு அடிக்கும். எடுத்து 'இருக்கேன்'னு சொல்லணும். அவ்ளோதான். வெச்சிடும்."

"யாரு சிஸ்டர் அது?"

சிஸ்டர் கைப்பைக்குள் எதையோ துழாவினார். "நானும் ஒரு தடவ கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது." பிறகு, யாருக்கோ ஊசி போட்டுவிட்டு நாலுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் படியிறங்கினார்.

கெட்டுப்போன கருவி ஏதோ தானாக அடிக்கிறது. பாவம், இவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். குப்பையையும் கட்டிக்கொண்டா புது வீட்டுக்குக் குடி போவார்கள்? அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நகர்த்தினாள். நாற்பத்தொன்றாவது வரி நகரும்போது கை ஒரு கணம் நின்றது. அவளுடைய அப்பா. "இந்த ஞாயிறு கண்டிப்பா வர்றேன்ப்பா" என்று சொல்லி நாலு ஞாயிறு ஓடிவிட்டது.

மூன்று ஐம்பத்தைந்துக்கு வேலை முடிந்தது. பழைய சர்வரை அணைத்தாள். சுடு தூசியின் வாசனையும், இத்தனை நேரம் காதில் விழுந்தும் விழாமலும் இருந்த அந்த இரைச்சலும் சேர்ந்தே அடங்க, அறை திடீரென்று அகலமாகிவிட்டது போலவும் அந்த அகலத்தில் வேறு யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவும் இருந்தது. சிஸ்டர் இன்னும் வரவில்லை. நாலு பத்து ஆனது. எதுவும் அடிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நாலு பன்னிரண்டுக்கு முதல் மணி. தபால் ஆபீஸ் சந்திலிருந்து ஒரு பாட்டி.

"யாரோ கதவத் தட்டினாங்கம்மா. தெறந்தா ஆளக் காணோம்."

நாலு பதின்மூன்று. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்.

"வாசல்ல நின்னு 'யாராவது இருக்கீங்களா'ன்னு ஒரு பொண்ணு கேக்குது. எனக்கு என்னவோ பதில் சொல்ல வாய் வரல."

நாலு பதினைந்து. ஒரு பெரியவர், எரிச்சலோடு: "ஆளையும் அனுப்பிட்டு போன்லயும் பேசுவீங்களா? இப்ப வாசல்ல கேட்டது உன் குரல்தானே?"

அவள் இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள்.

சிஸ்டர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "வழியில வண்டி நின்னுடுச்சு. நாலு பத்துக்கு எடுத்தியா?"

"வரல சிஸ்டர்."

"வரலியா, வர விடலியா?"

அவள் பார்வை அணைந்து கிடந்த பழைய சர்வரின் பக்கம் போனது. சிஸ்டரும் அதைப் பார்த்தார். "பழசப் போடு. சீக்கிரம் போடும்மா!"

பொத்தானை அழுத்தினாள். பழைய சர்வர் முனகி எழுந்தது. அது முழுசாக விழிக்கப் பதினோரு நிமிடம். திரையில் எட்டு சதவீதம். ஒன்பது.

மணி. தண்ணீர்த் தொட்டித் தெரு.

மணி. பேக்கரி முக்கு.

அந்த வழி அவளுக்குத் தெரியும். பேக்கரியில் திரும்பினால் மூன்றாவது வீடு.

"எங்க அப்பா வீடு," என்றாள். "சிஸ்டர், பதில் சொன்னா என்ன ஆகும்?"

"இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல." சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் இங்கேருந்து சொல்றது வேற. அது வாசல்ல நிக்கும்போது..."

பதினேழு சதவீதம்.

மணி. நாற்பத்தொன்று.

பாய்ந்து எடுத்தாள். "அப்பா! கதவத் தெறக்காதீங்க! கேட்டா பதில் சொல்லாதீங்க!"

அப்பாவுக்குக் காது மந்தம். மேஜைப் பெட்டியின் பேச்சு அவருக்கு எப்போதும் சரியாகக் கேட்காது.

"சிஸ்டரா? ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்." அத்தனை சந்தோஷமான குரலை அவள் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. "எம்பொண்ணு வந்துட்டா. யாராவது இருக்கீங்களான்னு கேட்டா. இருக்கேன்டா, உள்ள வான்னேன். இன்னிக்கும் ஏமாத்திடுவாளோன்னு நெனச்சேன்."

"அப்பா, நான் இங்க இருக்கேன்! அப்பா!"

"இனிமே இங்கேயே இருக்கேங்கறா. அதச் சொல்லத்தான் அழுத்தினேன். இது எதுக்கு கழுத்துல, கழட்டி வெச்சிடறேன்."

மேஜை மேல் பட்டன் விழும் சத்தம். இணைப்பு அறுபடவில்லை. கதவு சாத்தப்படும் சத்தம். தாழ்ப்பாள். ஈரக்கால்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பெயரும் சத்தம்.

"என்னடா கண்ணு, கையெல்லாம் இப்படிச் சில்லுன்னு?" என்று அப்பா கேட்டார். "சரி சரி. படுத்துக்கோ. நான் சுவரோரம் தள்ளிக்கறேன்."

கட்டில் கிரீச்சிட்டது. ஒரு முறை.

மறுபடி, ஏதோ பெரும் பாரம் படுப்பதுபோல் வெகு நேரம். பிறகு அப்பாவின் மூச்சுகூடக் கேட்கவில்லை.