தாத்தாவை அறுத்தது யார்?

அக்டோபர் 14, திங்கள்.

முதலில் என் தப்பு.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று இரும்பு அறுக்கும் பேண்ட்சா ரம்ப மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன். பிளேடின் டென்ஷனைத் தளர்த்தவில்லை. இரண்டு நாள் முறுக்கிலேயே கிடந்தால் பிளேடு களைத்துப்போய் விரிசல் விடும். பாடப் புத்தகத்தில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். இருந்தும் மறந்தேன். இன்று காலை வரை யாரிடமும் சொல்லவில்லை.

இனி கொலை.

காலை ஏழு மணி. முதலாளி ராதோமிர் பட்டறைக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

"ஐயோ...!"

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மெஷினின் வைஸ் பிடியில் ஓர் ஆள் மல்லாந்து கிடந்தார். கோட்டுப் பொத்தான் ஐந்தும் ஒழுங்காக இருந்தன. மார்பில் பதக்கம். அந்தப் பதக்கத்துக்குக் கீழே பாதி தூரம் இறங்கி நின்றது பிளேடு.

தலை மட்டும் இல்லை!

கழுத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. எலும்பு இல்லை. எதுவுமே இல்லை. காலி!

"முதலாளி... இது நம்ம ஸ்வெதோசார் தாத்தா!"

எங்கள் ஊர் பிஸ்த்ரா ரேகாவின் சதுக்கத்தில் இருந்த மார்பளவுச் சிலை. நகரத் தலைவர் மிலிசாவ் இருக்கிறாரே, அவருடைய தாத்தா. கெட்டி வெண்கலம், தட்டினால் கை வலிக்கும் என்று திறப்பு விழாவில் மிலிசாவ் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். யாரும் தட்டிப் பார்க்கவில்லை. தட்டினால் வேலை போகும் என்பது ஊருக்குத் தெரியும்.

"அவர் சதுக்கத்துலதானே இருக்காரு? துணி போர்த்தி..." முதலாளி தடுமாறினார்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். புறாவுக்குப் பயந்து போர்த்திய துணிக்குள் ஒரு தகர டிரம் நின்றது. நேற்றுப் போன சர்ச் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த டிரம்முக்கு வணக்கம் வைத்திருப்பார்கள்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வுகாஷின் வந்தார். ஒரு கையில் பூரெக் பலகாரம், இன்னொரு கையில் தயிர்க் குவளை. நோட்டு எழுத மூன்றாவது கை இல்லாததால் நோட்டு எடுக்கவில்லை. போட்டோ எடுக்க ஒரு கான்ஸ்டபிளை மட்டும் கூட்டி வந்திருந்தார்.

"சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. முதலாளிகிட்ட ஒண்ணு. கட்டடம் நகராட்சியோடது... அங்க ஒண்ணு."

"முதலாளி, நேத்து எங்க?"

"நீஷ் டவுன்ல சார். மச்சினி கல்யாணம். நானூறு பேர் பார்த்தாங்க. நான் ஆடுனதை வேற பார்த்தாங்க."

"நகராட்சியைச் சந்தேகப்படற அளவுக்கு எனக்கு இன்னும் பென்ஷன் வரல." பூரெக்கின் கடைசித் துண்டை விழுங்கினார். "அப்போ மிச்சம் யாரு? நீதாம்மா! பேரென்ன?"

"தியானா. சார், நான் ஏன் சார்...?"

"நேத்து மதியம் பன்னெண்டு மணிக்கு ஊர் பூரா கரண்ட் போச்சு, விடியக்காலைதான் வந்துச்சு. பாதி அறுப்புல மெஷின் நின்னுருக்கு. அதான் மிச்சத்தைப் போட்டுட்டு ஓடிட்டே. அந்த நேரம் எங்க இருந்தே?"

"வீட்ல. துணி துவைச்சிட்டு இருந்தேன்."

"சாட்சி?"

"துணிதான் சார்."

"கிளம்பு. வண்டியில ஏறு."

புதன்கிழமை பரீட்சை! இரண்டு வருஷ மாலை வகுப்பு. அந்தச் சான்றிதழ் வந்தால்தான் மெஷினில் தனியாக நிற்கலாம். வழக்கு இருக்கிறவளுக்குப் பரீட்சைக் கூடத்தில் நாற்காலியே கிடையாது.

"சார்... அரைமணி நேரம். மெஷினை மட்டும் பார்த்துக்கறேன்."

"எதுக்கு? பிரியாவிடையா?"

"எனக்கே நிச்சயமாத் தெரியல சார்."

குனிந்தேன். பிளேடின் பல்லை எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். பிளேடை விரலால் அழுத்தினேன். தொளதொளவென்று ஆடியது!

"சார், இங்க வாங்க. இது நான் மாட்டுன பிளேடு இல்ல."

"எல்லாம் தகரப் பட்டைதானே?"

"நான் மாட்டுனது பெரிய பல். கெட்டி உருளை அறுக்கறதுக்கு. இது பொடிப் பல். மெல்லிசான சுவருக்கு. எந்நேரமும் மூணு பல்லாவது உலோகத்துல இருக்கணும் சார். மெல்லிசுல பெரிய பல்லை விட்டா மாட்டி உடையும்."

"அதனால?"

"அறுக்கறதுக்கு முன்னாடியே பொடிப் பல்லை மாட்டியிருக்கான். தாத்தா உள்ள காலின்னு அவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு!"

இன்ஸ்பெக்டர் தயிரைக் கீழே வைத்தார். முதல் தடவையாக.

"காலின்னு யாருக்கும்மா தெரியும்?"

"செஞ்சவனுக்கு. இல்ல... செய்யச் சொன்னவருக்கு."

"மெதுவாப் பேசு!" கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு பெல்கிரேடுலேருந்து ஆளுங்க வர்றாங்க. சிலையை எடை போட. கெட்டி வெண்கலத்துக்குக் காசு வாங்கிட்டு உள்ள காலின்னு யாரோ மனு போட்டிருக்காங்க. துண்டு துண்டாகி மறைஞ்சிட்டா எதை எடை போடறது?"

"இன்னொண்ணு சார். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெள்ளிக்கிழமை நான் டென்ஷனைத் தளர்த்தாம ஓடிட்டேன். முதலாளிக்கே தெரியாது."

"பாவி!" என்றார் முதலாளி. இப்போது தெரிந்துவிட்டது.

"ஆனா இந்த பிளேடு தளர்ந்திருக்கு. கரண்ட் போய், மாட்டிக்குவோம்னு பயந்து ஓடறவன்... நின்னு டென்ஷனைத் தளர்த்திட்டு ஓடியிருக்கான். அது யோசிச்சு செய்யறது இல்ல சார். பத்து வருஷம் இதே மாதிரி மெஷின்ல நின்னவன் கை தானாச் செய்யறது."

"ஊர்ல அப்படி யாரு இருக்கா?"

மூவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தோம். எதிர்ச் சுவரில் தேர்தல் போஸ்டர். சுருட்டிய பிளேடைக் கையில் பிடித்தபடி மிலிசாவ். 'இரும்பாலையில் பதினோரு வருஷம் ரம்பம் பிடித்த கை!' ஊரே அதைப் பொய் என்று நினைத்துத்தான் ஓட்டுப் போட்டது.

"நிரூபிக்க முடியுமா?" இன்ஸ்பெக்டர் குரல் கிசுகிசுத்தது.

"தெரியல சார். எடுத்த போட்டோ போதும்னா, தாத்தாவை இறக்கிட்டு என் பழைய பிளேடை மாட்டறேன். முறுக்கியே வைக்கறேன். அவரை வரச் சொல்லுங்க."

"சொந்தக்காரர்தானே? அடையாளம் காட்டணும்னு கூப்பிடறேன்."

பத்து மணிக்கு மிலிசாவ் வந்தார். கூடவே உள்ளூர் டிவி கேமரா.

"தாத்தா...!" கேமராவைப் பார்த்து அழுதார். "உங்களைத் துண்டு போட்ட கையை நான் சும்மா விடமாட்டேன்!" என்னை நோக்கி விரல் நீண்டது. "இந்தப் பொண்ணுதானா?"

"விசாரிச்சிட்டு இருக்கோம் ஐயா. இப்படி வாங்க, மெஷின் பக்கம்... வெளிச்சம் நல்லா விழும்."

வந்தார். நின்றார். பேசினார்.

"நான் தொழிலாளி மகன்! இந்த ஊரோட மானத்தை..."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை மெதுவாக நகர்ந்தது.

பிளேடைத் தொட்டது. விரலால் ஒரு சுண்டு. 'ணங்...'

பேச்சு நின்றது. முகம் சுளித்தது.

கை டென்ஷன் சக்கரத்தைப் பிடித்தது. ஒரு சுற்று... இன்னொரு சுற்று...!

"ஏம்மா, அறிவிருக்கா உனக்கு?" என்று என்மேல் பாய்ந்தார். "ஓடாத மெஷின்ல பிளேடை இப்படியா முறுக்கி வைப்பே? என்ன விலை தெரியுமா? வெள்ளிக்கிழமையும் இதே லட்சணத்துலதான் போட்டுட்டுப் போயிருந்தே!"



கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமையா ஐயா?" இன்ஸ்பெக்டர் மிகுந்த மரியாதையோடு கேட்டார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மிலிசாவ் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் சக்கரத்தில்தான் இருந்தது.

"வண்டிச் சாவியைக் குடுங்க."

காரின் டிக்கியில், கம்பளிக்குள் பத்திரமாகச் சுற்றிய தலை. மீசையில்கூட ஒரு கீறல் இல்லை. கழுத்தில் அறுத்த பரப்பைத் தடவிப் பார்த்தேன். கண்ணாடி போல நேரான வெட்டு! ஆரம்பத்தில் அழுத்தத்தைக் குறைத்து, பிறகு சீராக இறக்கியிருக்கிறார். எனக்கு இன்னும் இப்படி வராது. பொறாமையாக இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

"பேரன் தொழில் சுத்தம்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுல மட்டும்."

வாசலில் போலீஸ் வண்டியில் ஏறும்போது மிலிசாவ் திரும்பினார்.

"கூலண்ட் தண்ணியில எண்ணெய் பத்தல, பிளேடு சூடாகும். சேத்து ஊத்து!"

நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு ரொட்டியைப் பிரித்தேன். மாலை நான்கு மணிக்கு போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"தியானா... ஒரு சிக்கல். சுவர் எவ்வளவு கனம்னு பார்க்க, சிலையை மூணு இடத்துல அறுக்கச் சொல்லுது கோர்ட்டு."

"அறுக்கறேன் சார்."

"சான்றிதழ் உள்ள ஆள்தான் அறுக்கணுமாம். இல்லாட்டி சாட்சியா செல்லாதாம். உன்கிட்ட?"

"பரீட்சை புதன்கிழமைதான் சார்."

"உன் முதலாளி?"

"அவரோடது காலாவதியாகி ஒன்பது வருஷம் ஆச்சு."

போனில் நீண்ட பெருமூச்சு.

"நானும் காலையிலேருந்து பட்டியலைப் புரட்டிட்டேன். இந்த ஊர்ல செல்லுபடியாகற சான்றிதழ் ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்கு. நகரத் தலைவர் ஆபீஸ்ல, நாற்காலிக்குப் பின்னாடி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு!"

"சார்... அப்போ...?"

"நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன். அவரே அறுக்கட்டும். நீ பக்கத்துல நின்னு பார்த்துக்க."

நாளைய வேலை: எட்டு மணிக்குள் கூலண்ட் கலந்து, புதுப் பிளேடு மாட்டி, தாத்தாவை வைஸில் ஏற்ற வேண்டும். ஒன்பது மணிக்குத் தலைவர் வருவார். ஓடும் ரம்பத்தருகே கையுறை கூடாது என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

கைவிலங்கு பற்றி ஒன்றும் போடவில்லை!