தெர்சாவின் முடிமாலை

தேதிகள் இடித்தன. மார்னி மறுபடியும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

அமெரிக்காவின் மிசௌரியில் ரக்மன் குடும்பத்துப் பண்ணைவீட்டின் முன்கூடம் அது. நவம்பர் மாதத்து மூன்று மணி வெயில் ஜன்னல் கண்ணாடியில் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே அறுவடை முடிந்த சோளத்தட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் ஓயாமல் கேட்டது. நிலவறையிலிருந்து ஏறிவந்த ஆப்பிள்களின் புளித்த வாசனைக்கு அடியில், பல நாள் அலசாத தலையின் சிக்கு வாடை ஒன்று வந்து வந்து போயிற்று.

அவள் மடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் தெர்சா ரக்மனின் முடிமாலை. தெர்சா, மார்னியுடைய அம்மாவின் கொள்ளுப்பாட்டி. நூற்றிருபது வருஷத்துக்கு முன் இதே வீட்டில் எட்டுப் பிள்ளை பெற்று ஏழு பேரைப் பறிகொடுத்தவள். அவள் கதையைத் தேடித்தான் மார்னி இரண்டு வருஷமாக ஊர் ஊராக அலைந்தாள். செத்தவர்களின் முடியைக் கம்பியில் சுற்றிப் பூவாக்கி வைப்பது அந்தக் காலத்துப் பெண்களின் வழக்கம். குதிரை லாடம்போல் மேல்புறம் இடைவெளி விட்ட மாலையில் ஏழு பூக்கள் இருந்தன.

பெட்டியின் பின்பலகையைக் கழற்றியபோது ஒரு தாள் கிடைத்தது. தெர்சாவின் கையெழுத்து. ஒவ்வொரு பூவுக்கும் பிள்ளையின் பெயர், முடி வெட்டிய நாள். ஆர்ஃபா, மார்ச் இரண்டு. காலையில் கல்லறையில் மார்னி குறித்து வந்த இறந்த நாளோ, மார்ச் பதினொன்று. லெமுவேல், ஜூலை ஐந்து. கல்லில் ஜூலை பதினான்கு.

ஏழு பேருக்கும் அதே கணக்கு. முடி வெட்டிய ஒன்பதாம் நாள் சாவு.

செத்த பிள்ளையின் முடியை அவள் வெட்டவில்லை. வெட்டிய பிறகுதான் பிள்ளை செத்திருக்கிறது.

"அத எதுக்கும்மா தொறந்த?"

விறகுக் கட்டோடு வாசலில் நின்றார் ஹோலிஸ் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இந்தப் பண்ணையில் இப்போது இருப்பவர் அவர் ஒருவர்தான். அவருடைய மொட்டைத்தலை மங்கிய வெளிச்சத்தில் மினுங்கியது.

"மாமா, எட்டாவது பிள்ளை ஏசா மட்டும் எப்படிப் பொழச்சார்?"

"எங்க தாத்தாவா? அவங்கம்மா கத்தரியோட வர்றதுக்குள்ள, ஆட்டுக்கு ரோமம் வெட்டுற கத்தரியால தானே தலையை ஒட்ட வெட்டிக்கிட்டாராம். அவ்வளவு முடியையும் அடுப்புல போட்டுட்டாரு. அன்னையிலேர்ந்து இந்த வீட்டுல யாரும் முடி வளக்கிறதில்ல."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கிறுக்குக் கெழவன்னு சிரிச்சிருப்ப. நீ ஒரு மணி நேரத்துல கிளம்பிடுவன்னு நெனச்சேன்." அவர் கண்கள் அறையைச் சுற்றின. "பாப்பா எங்க?"

மார்னியின் ஆறு வயது மகள் டெஸ் சமையலறையில் சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். தட்டில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. எப்போது நின்றது?

"டெஸ்!"

மாடிப்படியில் காலடி. சின்னக் காலடி. ஒவ்வொரு படியாக.

டெஸ் வந்து நின்றாள். வாயோரம் வெல்லப்பாகு. வலது காதுக்குப் பின்னால் முடியைக் காணோம். வெள்ளைத் தோல். உள்ளங்கை அளவு.

"யாருடி... யார் வெட்டினது?"

"மேல இருக்காங்களே, கறுப்பு கவுன் போட்டவங்க. வலிக்கவே இல்லம்மா. ரொம்ப அழகான முடின்னாங்க."

ஹோலிஸ் மாமா விறகைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அடுப்புக் கதவைத் திறந்தார். "முடி எங்க கண்ணு? சீக்கிரம் சொல்லு, எரிச்சுடலாம். எங்க?"

டெஸ் அம்மாவின் மடியைக் காட்டினாள்.

மார்னி குனிந்தாள். மாலையின் இடைவெளியில் ஒரு கம்பி. மெல்லியது. புதியது. தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன்மேல் வைக்கோல் நிற முடி, சுற்றுச் சுற்றாக. ஒரு இதழ் முடிந்திருந்தது.

அவள் கையை உள்ளே விட்டு அந்த முடியைப் பற்றினாள். இழுத்தாள்.

"அம்மா!" டெஸ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். மூக்கிலிருந்து ரத்தம். "விடும்மா! வலிக்குது! விடும்மா!"

மார்னி விட்டாள்.

அழுகை நின்றது. அடுப்பு திறந்து கிடந்தது. ஹோலிஸ் மாமா அசையவில்லை.

கம்பி மெதுவாக வளைந்து, இரண்டாவது இதழைச் சுற்றத் தொடங்கியது.