கிழங்கு பூத்த சமயம்

செவ்வாய்க் கிரகத்தில் கல்லூரி விண்ணப்பத்தைக் கையால் எழுதுவதில்லை, மணிக்கட்டால் எழுதுவார்கள். தோலுக்கடியில் அரிசி மணி அளவில் உறுதிமானி ஒன்று இருக்கும். பதில் சொல்லும்போது மனசு எவ்வளவு நிச்சயமாக இருக்கிறது என்று அது நாடி பிடித்துப் பார்க்கும். நிச்சயம் என்றால் பச்சை. கொஞ்சம் தடுமாறினாலும் சிவப்பு. அப்புறம் அந்தக் கட்டத்தைத் தாண்ட முடியாது.

நிறைமொழி பதினான்கு கட்டங்களைப் பச்சையாகவே தாண்டிவிட்டாள். படிக்க விரும்புவது கடலியல். கடலை அவள் பார்த்ததில்லை. அந்தக் குடியிருப்பில் ஆகப் பெரிய தண்ணீர் என்றால் கிழங்குத் தோட்டத்துத் தொட்டிதான். அதன் விளிம்பைத் தட்டித் தட்டி அலை வரவழைத்து, அதையே பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை அவள்.

பதினைந்தாவது கட்டம், பிறந்த தேதி. அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

நொறுங்கி விழுந்த விண்கப்பலிலிருந்து தப்பி வந்த தொட்டில் கூண்டில் அவளைக் கண்டெடுத்து வளர்த்தவர் தங்கப்பழம். பெற்றவள் கப்பலோடு போய்விட்டாள். கூண்டின் கடிகாரமும் நின்றுபோயிருந்தது. எலும்புச் சோதனை, ‘மே அல்லது ஜூன்’ என்று கைவிரித்துவிட்டது. பூமிக் கல்லூரியோ ஜூன் ஒன்றாம் தேதிக்குள் பதினேழு முடிந்தவர்களைத்தான் சேர்க்கும். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்து.

“ஏதாச்சும் ஒரு தேதியப் போட்டுவிடு தாயி. யாரு வந்து கேக்கப் போறா?” என்றார் தங்கப்பழம்.

“இது கேக்கும்ப்பா.” சிவந்து கிடந்த மணிக்கட்டைக் காட்டினாள். “நீ என்னய எடுத்தப்ப நான் எத்தன நாள் புள்ள?”

“கெழங்கு பூத்த சமயம். உனக்குக் கழுத்து நிக்கல. அம்புட்டுத்தான் தெரியும்.”

“எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்த நாள் இருந்தது. இவளுக்குக் கண்டெடுத்த நாள்தான். அன்றைக்குத் தங்கப்பழம் கிழங்கு அல்வா கிண்டுவார், இவளும் ருசித்துத்தான் தின்பாள். ஆனாலும், ‘இன்ன நாளில் உன்னைப் பெற்றேன்’ என்று சொல்ல ஓர் ஆள் இல்லாத ஏக்கம் அல்வாவில் கரைகிற ஏக்கமா?

கடைசியில் உதவிப் பொத்தானை அழுத்தினாள். அவளுடைய மரபணுக் குறிப்பு பூமியின் ஆவணக் காப்பகத்துக்குப் போய், பதில் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும்.

“கடலப் பாத்துட்டா அப்பன மறந்துருவ,” என்றார் தங்கப்பழம்.

“எங்குட்டு மறக்க? அலச் சத்தம் உன் கொறட்ட மாதிரியே இருக்குமாம்.”

காப்பக இயந்திரத்தின் குரல் வந்தது.

“உங்கள் தாய்வழி முன்னோர் ஒருவர் கிடைத்திருக்கிறார். பெயர் பேச்சியம்மாள். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பிறந்த தேதி ஜூன் ஒன்று. அதில் உள்ள நாற்பத்தெட்டுப் பேரில் நாற்பத்தொரு பேரும் அதே தேதியில் பிறந்தவர்கள். ஜூன் ஒன்றில் பிறப்பது உங்கள் மக்களின் இயல்பு என்று தெரிகிறது. ஆகவே நீங்களும் அன்றுதான் பிறந்திருக்கிறீர்கள். அக்காலச் சோதனை ஒன்றும் குறிப்பில் உள்ளது. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடவும்.”

நிறைமொழி தொட்டாள். பேச்சியும் இப்படித்தானே தொட்டிருப்பாள்! முந்நூறு வருஷத்துக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ கை நீட்டித் தன் காதைப் பிடித்துக்கொண்டது போல் இருந்தது அவளுக்கு. கண் நிறைந்துவிட்டது.

“ஜூன் ஒண்ணுப்பா! எங்க வம்சமே ஜூன் ஒண்ணு!”

மணிக்கட்டு பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது.

பேச்சியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியர், “என்னைக்குய்யா பொறந்தா?” என்று கேட்டிருந்தார்.

“பருத்தி வெடிச்ச சமயம், சார்,” என்றார் அவளுடைய அப்பா.

வாசலில் இன்னும் இருபது பேர் பிள்ளைகளோடு நின்றார்கள். தலைமையாசிரியர் மேல் வரியில் இருந்த தேதியைப் பார்த்தார். அதன் கீழே ‘மேற்படி’ என்று எழுதினார்.

“அடுத்து,” என்றார்.