வாஃபிள் அப்பாவின் முகம்

கூழாங்கற்களில் கேட்டது நான்கு கால்களின் சத்தம் மட்டும்தான். ஆர்வில் டென்பி இருபது தப்படி தாண்டி வந்த பிறகே அது அவருக்கு உறைத்தது.

கெட்டில் கோவ் கடற்கரையில் மணல் கிடையாது. முட்டையளவு கற்கள், மைல் கணக்கில். பூனை நடந்தாலும் கேட்கும். அன்று காலை பனிமூட்டம் வேறு. அந்தத் தீவின் பனிமூட்டத்திலேயே, ஆணியில் மாட்டுவதுபோல, தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், வெயில் வந்ததும் திரும்பி வந்து தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டவர்கள் உண்டு. அதற்குள்ளிருந்துதான் வாஃபிள் வந்தது. கிழட்டு மஞ்சள் லாப்ரடார் நாய். இடது காது நுனியில், ரக்கூன் கடித்த இடத்தில், பிறை வடிவில் ஒரு வெட்டு. ஆர்வில் வழக்கம்போலக் குனிந்து அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு, பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். வாஃபிள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிஸ்கட்டை வேண்டாமென்ற லாப்ரடாரை அறுபத்தெட்டு வயதில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"குளிர் ஆரம்பிச்சிடுச்சு, வாஃபிள் அப்பா," என்றார், நாயின் கழுத்தைத் தடவியபடி.

"ஆரம்பிச்சிடுச்சு," என்றது மேலே, கயிற்றின் மறுமுனையில் குரல்.

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு."

"எனக்கா? ஓடுது வண்டி."

சொல்லிவிட்டு நடந்தார். அவருடைய நாய் பட்டன் அதுவரை அவர் கால்களுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றிருந்தது. கறுப்பாக, ஒரு ரொட்டி நீளத்தில், ஒரு கால் மட்டும் வெள்ளையாக இருக்கும் நாய். லாரியைப் பார்த்தே குரைக்கிற அது அன்று வாயைத் திறக்கவில்லை. ஆர்வில் நின்று காது கொடுத்தார். பனிக்குள் கற்கள் சரசரத்துக்கொண்டே தூரம் போயின. நான்கு கால்கள். எத்தனை முறை கேட்டாலும் நான்கு. மழை பெய்து மூன்று நாளாகியிருந்தும் வாஃபிளின் கயிறு நனைந்திருந்தது. அதைத் தொட்ட உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். கடல் வெகுதூரம் உள்வாங்கும்போது தெரிகிற அடிச்சேற்றின் நாற்றம்.

மனிதர் செருப்பை மாற்றியிருப்பார் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்தக் கடற்கரைக்கும் அதற்கு இறங்கும் தேவதாருக் காட்டுப் பாதைக்கும் ஒரு வழக்கம் உண்டு. மனிதர்களுக்கு அங்கே பேர் கிடையாது. நாயின் பேரோடு சேர்த்து சார்ஜென்ட் தாத்தா, ஜிஞ்சர் அம்மா, வாஃபிள் அப்பா, இவ்வளவுதான். நாயின் வயிற்று உபாதை, பல் கூச்சம், எந்த அணிலோடு என்ன பகை என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. நாயைப் பிடித்திருப்பவர் கல்யாணமானவரா, எங்கே குடியிருக்கிறார் என்று கேட்பது அநாகரிகம். குனிந்து நாயோடு பேசுவார்கள். மேலிருந்து பதில் வரும். நிமிரும்போது அவரவர் வழியைப் பார்த்துப் போய்விடுவார்கள்.

ஆர்விலுக்கு இது வசதியாக இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். முப்பது வருடம் வேலை பார்த்த மர ஆலையை மூடிவிட்டார்கள். ஆலையின் படகுத்துறையில் மிஞ்சியது தண்ணீருக்குள் நிற்கும் பதினொரு மரக்கால்கள். தினமும் அதுவரை போய், எண்ணிவிட்டுத் திரும்புவார். வழியில் நாலு பேர் "பட்டன் அப்பா" என்று கூப்பிடுவார்கள். அந்த நாய் இல்லையென்றால் அந்த ஊரில் அவரைக் கூப்பிட ஒரு வாய் கிடையாது. இது அவருக்கே தெரியும். அதனால்தான் பட்டனுக்கு இருமல் வந்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குக் காட்டுப் பாதையின் வாசலில் ஜிஞ்சர் அம்மாவைப் பார்த்தார். அறுபதைத் தாண்டிய, சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட பெண்மணி. அவள் அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்றிருந்தாள். அவளுடைய நாய் ஜிஞ்சர் பலகையின் காலை நனைத்துக்கொண்டிருந்தது. பலகையில் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை, கரடி எச்சரிக்கை, அவற்றின் நடுவே மூன்று வாரமாகத் தொங்கும் ஒரு தாள். காணவில்லை. ஹாலிஸ் பீட்டர்கின், வயது எழுபத்தொன்று.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ," என்றாள். "எந்த ஊர்க்காரரோ. இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல."

"நானும்தான். எங்கயாவது குடிச்சிட்டு விழுந்து கிடப்பாரு."

"நாளைக்கு நீங்க காணாமப் போனா, உங்களப் பத்தியும் எவனாவது இப்படித்தான் பேசுவான், பட்டன் அப்பா."

"என்னைத் தேடி யாரு நோட்டீஸ் ஒட்டப் போறா? பட்டன்தான் ஒட்டணும்."

சிரித்தார்கள். ஆர்வில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளுக்குப் பக்கத்தில் போனார். மெலிந்த முகம், வெள்ளைப் புருவம். மடியில் ஏதோ இருந்திருக்கிறது. முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று படத்தை வெட்டியிருந்தார்கள். கீழ் ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு நுனி மிஞ்சியிருந்தது. ஒரு காதின் நுனி.

அதில் பிறை வடிவில் ஒரு வெட்டு.

"ஜிஞ்சர் அம்மா," என்றார். "வாஃபிள் அப்பாவ நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம். பேசினேனே."

"மூஞ்சியப் பாத்தீங்களா?"

"என்ன கேள்வி இது?" என்று ஆரம்பித்தவள், அவர் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். "குனிஞ்சிருந்தேன்," என்றாள். "வாஃபிளத் தடவிட்டிருந்தேன்."

"அவரு என்ன பேசினாரு?"

"நல்லாத்தான் பேசினாரு. பனியா இருக்குன்னேன். பனியா இருக்குன்னாரு. ஜிஞ்சருக்கு வயசாகுதுன்னேன்..." நிறுத்திக்கொண்டாள். "நான் சொன்னததான் சொன்னாரு. மூணு வாரமா நான் சொன்னததான் சொல்லிட்டிருக்காரு."

தாளில் இருந்த எண்ணை ஆர்வில் அழைத்தார். பனியில் படகு ஓடவில்லை, நாளை காலை முதல் படகில் ஆள் வரும் என்றார்கள். தெரிந்தவர் என்றால் ஏன் மூன்று வாரமாகச் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அவர் போனை வைத்துவிட்டார்.

"நான் கிளம்புறேன்," என்றாள் ஜிஞ்சர் அம்மா, கார் சாவியைத் தேடிக்கொண்டே. "நீங்களும் கிளம்புங்க."

"வாஃபிள் அது கையில இருக்கு."

"எது கையில?"

"அதான் தெரியல. அந்த நாய் நேத்து பிஸ்கட் சாப்பிடல. காலைல வரைக்கும் விட்டா தாங்காது. போய் அவுத்துக் கூட்டிட்டு வந்துடுறேன். பட்டன வண்டியில வச்சுக்கிறீங்களா?"

ஜிஞ்சர் அம்மா கையை நீட்டினாள். பட்டன் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு அவருடைய பூட்ஸோடு ஒட்டிக்கொண்டது. ஒன்பது வருடமாக அவரை விட்டு அது ஒரு மணி நேரம் பிரிந்ததில்லை. சரி, வா என்றார். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

"ஒருதடவை தலையத் தூக்கிப் பாத்துடுங்க, பட்டன் அப்பா. அவ்வளவுதான்," என்றாள் அவள், காருக்குள்ளிருந்து.

காட்டுக்குள் இறங்கும் பாதை ஊறிய மரப்பட்டையும் காளானும் மணக்க, தேவதாரு வேர்கள் படிக்கட்டுபோலப் புடைத்து நிற்க, கிளைகளில் தொங்கும் பாசியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக, யாரோ விரலால் தட்டி எண்ணுவதுபோலத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தினமும் தலைக்கு மேல் கத்தும் காக்கைகள் அன்று இல்லை. தூரத்தில் கலங்கரை விளக்கின் பனிமூட்ட ஊதல் நிமிடத்துக்கு ஒருமுறை, பெரிய மாடு ஒன்று தூக்கத்தில் முனகுவதுபோல முனகி ஓய்ந்தது. நவம்பர் மாதம். நாலரைக்கு இருட்டிவிடும். மூன்றரைக்கு அவர் கற்களில் கால் வைத்தார். கடல் வெகுதூரம் உள்வாங்கி, சேறு திறந்து கிடந்தது. அதே நாற்றம்.

பனிக்குள் ஆலைத்துறையின் மரக்கால்கள் கறுப்பாகத் தெரிந்தன. பழக்கம் விடவில்லை. எண்ணினார். பன்னிரண்டு. மூன்று வாரமாகவே ஒன்று கூடுதலாகத்தான் வந்துகொண்டிருந்தது. பனியில் கண் தப்பும் என்று அன்றும் இன்னொருமுறை எண்ணவில்லை.

சரசர. சரசர.

நான்கு கால்கள்.

வாஃபிள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. மூன்று வாரத்தில் விலா எலும்புகள் வெளியே வந்திருந்ததை நேற்று அவர் எப்படிக் கவனிக்காமல் போனார் என்று தெரியவில்லை. கழுத்துப்பட்டைக்குக் கீழே மயிர் போய்ச் சதை சிவந்திருந்தது. கயிறு அதிலிருந்து சாய்வாக, விறைப்பாக, ஒரு மனிதனின் கை இருக்கிற உயரத்துக்கு ஏறியது. அதன் வழியே தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக இறங்கி நாயின் கழுத்தில் விழுந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும். கழுத்து நிமிரவில்லை. ஒன்பது வருடம் குனிந்த கழுத்து.

"வாஃபிள் அப்பா," என்றார். "நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கீங்களா."

ஹாலிஸ் பீட்டர்கினின் குரல்தான். முட்டி வலிக்காரரின் குரல். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசியதுபோல இருந்தது.

ஆர்வில் மண்டியிட்டார். வாஃபிளின் கழுத்துப்பட்டையில் மாட்டியிருந்த கயிற்றுக் கொக்கியை அழுத்தினார். துரு. மறுபடி அழுத்தினார். கழன்றது.

வாஃபிள் காட்டுப் பக்கம் ஓடவில்லை. நேராகச் சேற்றுக்குள் இறங்கி, துறையின் கடைசி மரக்காலின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் காலை அண்ணாந்து பார்த்து முனகியது. வாலை ஒருமுறை ஆட்டியது.

கயிறு கீழே விழவில்லை. அதே சாய்வில் காற்றில் நின்றது. திறந்த கொக்கி மெல்ல ஆடியது. இடம் பார்த்தது. வலம் பார்த்தது. பிறகு பட்டனின் பக்கம் திரும்பியது.

ஆர்வில் பட்டனின் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

அவர் விரல்களுக்கு மேல் ஈரமாக ஏதோ படிந்தது. விரல்கள். சேற்றுக் குளிர். அவசரமில்லை அவற்றுக்கு. தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல, அவருடைய சுண்டுவிரலை நிமிர்த்தின. அடுத்ததை நிமிர்த்தின.

"விடு."

"விடு," என்றது. அவருடைய குரலில்.

நடுவிரல்.

"என் நாய் அது."

அதற்குப் பதில் வரவில்லை. அவருக்கே அவர் குரல் கேட்கவில்லை. இன்னொருமுறை கத்தினார். வாய்தான் திறந்தது.

கட்டைவிரல்.

எழுந்து ஓட நினைத்தார். முழங்கால்வரை தண்ணீர் இருந்தது. கற்களில்தான் மண்டியிட்டிருந்தார். எப்போது இறங்கினார், கடல் எப்போது ஏறியது, தெரியவில்லை. கால்கள் அடியில் எதற்குள்ளோ போய்ப் பதிந்திருந்தன. பக்கத்தில் வாஃபிள் முனகுவது கேட்டது. திரும்பிப் பார்த்தார். அது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது மரக்காலை அல்ல. வெள்ளைப் புருவம். மெலிந்த முகம். கயிறு பிடித்ததுபோல வலது கை மடங்கியபடியே இருந்தது. அந்த மனிதரின் வாய் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. சத்தமே இல்லை.

கரையில் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. சிவப்புத் தொப்பி. முன்னால் ஜிஞ்சர்.

"பட்டன்," என்று கூப்பிட்டாள். "பட்டன்... அடக் குட்டி, இங்கதான் இருக்கியா."

குனிந்துவிட்டாள். பார்க்கச் சொன்னவளே குனிந்துவிட்டாள்.

"மனசு கேக்கல, பட்டன் அப்பா. பாதி வழில வண்டியத் திருப்பிட்டேன்."

"திருப்பிட்டேன்," என்றது மேலே குரல். ஆர்விலின் மரத்தூள் தின்ற தொண்டை, முடிவில் சின்ன இருமல், எல்லாம் அப்படியே இருந்தன.

"வாஃபிள் கிடைக்கலையா? சரி விடுங்க, விடியட்டும். இந்தக் குட்டி ஏன் இப்படி நடுங்குது? ஒம்பது வருஷம் பேசிட்டு உங்க பேரக்கூடக் கேக்கல பாருங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் நோட்டீஸ்ல என்னன்னு எழுதறது? உங்க பேரு என்ன?"

ஆர்வில், என்றார் அவர். ஆர்வில் டென்பி. ஆர்வில். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது.

"உங்க பேரு என்ன?" என்றது குரல்.

அவள் சிரித்தாள். "நான்தான் முதல்ல கேட்டேன். சரி. மாவிஸ்."

"மாவிஸ்," என்றது, மெதுவாக. வாயில் போட்டுக் கரைத்துப் பார்ப்பதுபோல.

வெளிச்சம் ஒருமுறை தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. ஆர்விலின் முகத்தின் மேல் ஊர்ந்தது. அடுத்த மரக்கால், அதற்கடுத்த மரக்கால் என்று வரிசையாகத் தடவிவிட்டு நாயிடமே திரும்பி வந்தது. கயிறில்லாத மனிதனை அந்தக் கரையில் யாரும் பார்த்துப் பழகவில்லை.

பட்டன் மட்டும் திரும்பி அவரையே பார்த்தது. கயிறு விறைத்தது. அதன் கழுத்து திரும்பிக்கொண்டது.

அவர்கள் பனிக்குள் போனார்கள். வேறு ஒன்றும் செய்வதற்கில்லாமல் ஆர்வில் கற்களின் சத்தத்தை எண்ணினார். எட்டு நாய்க் கால்கள். இரண்டு மனிதக் கால்கள். மாவிஸ் எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவருடைய இருமல் கேட்டது. காட்டுப் பாதையின் வளைவுக்கு அருகில் அந்த இரண்டு கால்களும் நின்றன.

எட்டு மட்டும் தொடர்ந்து நடந்தன.